எந்த டிரிப்பர்? ஒரு சொகுசுக் கேரவனின் நான்காவது இரவு

சென்ற மே மாதம், உச்சிப்புளிக்கு வடக்கே கடலை ஒட்டிய ஒரு தென்னந்தோப்பு. மாலை ஆறே முக்கால். என் அத்தை முழங்கால் அளவு கடலில் நனைந்துவிட்டு, ஈர மணலில் வெறுங்காலோடு திரும்பி வந்தார். ஒரு கையில் ரப்பர் செருப்பு, இன்னொரு கையில் பொறுக்கிய சிப்பிகள். கேரவனின் கதவு ஒருக்களித்திருந்தது. பிடிக்கக் கை இல்லாததால் புறங்கையால் தள்ளினார். அடுத்த நொடி இரண்டடி தள்ளி மணலில் மல்லாந்து கிடந்தார்.

மாமா பதறிக்கொண்டு ஓடினார். அவரைத் தூக்கிவிட வண்டியின் படியைப் பிடிக்கப் போனவரை, "தொடாதீக, தொடாதீக, கரண்டு!" என்று தோப்புக்காரர் கத்தி நிறுத்திவிட்டு, திண்ணைக்கு ஓடி பிளக்கைப் பிடுங்கினார். அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. தோப்பு மோட்டாரோடு முப்பது வருஷம் வாழ்ந்த பழக்கம்.

அத்தை பிழைத்துக்கொண்டார். புறங்கையில் உளுந்து அளவுக்கு ஒரு தீய்ந்த புள்ளி. அன்றிரவே ராமநாதபுரத்துக்குக் கூட்டிப்போய் ஈ.சி.ஜி. எடுத்து, விடியும்வரை வைத்திருந்து அனுப்பினார்கள். அந்தச் சிப்பிகள் இன்னும் வண்டியின் டேஷ்போர்டில் இருக்கின்றன.

நான் மண்டபத்தில் விசைப்படகுகளுக்கு வயரிங் வேலை பார்க்கிறவன். மாமாவின் போன் வந்து இருபது நிமிஷத்தில் பைக்கில் அங்கே இருந்தேன். அந்த இரவும் அடுத்த நாளும் நான் பார்த்ததை எழுதி வைக்கிறேன். இப்போது கேரவன் வாங்குகிறவர்கள் கூடிவிட்டார்கள். வாங்கியவர்கள் சோபாவின் தோலைப் பற்றிப் பேசுகிறார்கள். பிளக்கைப் பற்றி ஒருவரும் பேசிக் கேட்டதில்லை. இன்னொரு காரணமும் உண்டு. இந்தச் சம்பவத்தில் எனக்கும் பங்கு இருக்கிறது. அது பின்னால் வரும்.

வண்டி வாங்கிய கதை

மாமா மதுரையில் நாற்பது வருஷம் ஜவுளி வியாபாரம் பார்த்தவர். கடையை மகன்கள் கையில் கொடுத்துவிட்டு, தொண்டியில் தொடங்கிக் கடலோரமாகவே கன்னியாகுமரி வரை போய், அப்படியே கேரளம் ஏறிக் கோவா வரை ஒரு பெரிய சுற்று போக வேண்டும் என்று நினைத்தார். ஹோட்டல் சாப்பாடு அத்தைக்கு ஒத்துக்கொள்ளாது. அதனால் கேரவன். வெளிமாநிலப் பட்டறை ஒன்றில், ஒரு பெரிய வேனின் சேஸிஸ் மேல் கட்டிக் கொடுத்தார்கள். எல்லாம் சேர்த்து 48 லட்சம்.

ஆர்டர் கொடுப்பதற்கு முன் மாமா என்னென்ன கேட்டார் என்று பின்னால் விசாரித்தேன். டி.வி. எத்தனை அங்குலம், மெத்தை எந்த ரகம், கூரை விளக்கு எத்தனை நிறத்தில் மாறும், கழிவறையில் சுடுதண்ணீர் வருமா. தன் லைசென்ஸ் செல்லுமா என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே கவலை. அது தேவையே இல்லாத கவலை. மொத்த எடை 7500 கிலோவுக்குள் இருக்கும் வண்டியை இலகுரக வாகன உரிமத்தோடு ஓட்டலாம். வாடகை வண்டியாக இருந்தாலும் அதே கதைதான் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்தது. சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன், போக்குவரத்து அல்லாத வாகனப் பட்டியலிலேயே இருக்கிறது. பதிவு ஒழுங்காகத்தான் நடந்திருந்தது. அதில் பட்டறையைக் குறை சொல்ல மாட்டேன்.

கேட்காமல் விட்டது ஒன்று. "வயரிங் படம் இருக்கா?" படகு வாங்குகிற எந்தச் சம்மாட்டியும் இஞ்சினைப் பார்த்த கையோடு டேங்க் எங்கே, பேட்டரி எங்கே, லைன் எப்படி ஓடுகிறது என்று கேட்பார். நடுக்கடலில் அணைந்துபோனால் யாரும் வரமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். 48 லட்சத்துக்கு வாங்கிய வண்டியோடு 62 பக்கத்தில் பளபளவென்று ஒரு புத்தகம் கொடுத்திருந்தார்கள். அதில் காபி மெஷினுக்கு நாலு பக்கம். வயரிங் படம் கிடையாது.

விற்றவர் சொன்ன இன்னொரு வாசகம்தான் எல்லாவற்றுக்கும் வித்து. "சோலார் இருக்கு சார், வெளிக் கரண்டே தேவைப்படாது." கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வண்டியில் இருந்தது 12.8 வோல்ட், 400 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி. பெருக்கினால் ஐந்து யூனிட்டும் கொஞ்சமும். ராமநாதபுரம் மே மாதத்துப் புழுக்கத்தில் ஒரு டன் ஏசியும் சின்ன பிரிட்ஜும் சேர்ந்தால் மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட். இன்வெர்ட்டர் தின்கிறதையும் கழித்தால் நாலு மணி நேரம், மிஞ்சினால் நாலரை. கூரையில் ஏசி உட்கார்ந்த இடம் போக மிச்சத்தில் 400 வாட் பேனல். நல்ல வெயிலடித்த நாளில் அது கொடுப்பது ஒன்றரை யூனிட். பகல் முழுக்கக் காய்ந்தால் ராத்திரி ஒன்றரை மணி நேர ஏசி, அவ்வளவுதான். ஆக, ஏசி போட்டுத் தூங்க வேண்டுமென்றால் தினமும் யார் வீட்டுப் பவர் பாயிண்டிலாவது செருகியே ஆக வேண்டும். யார் வீட்டு வயரிங் எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

மூன்று இரவுகள்

முதல் இரவு தொண்டியில், அத்தையின் ஒன்றுவிட்ட தங்கை வீட்டு வாசலில். தெருப்பிள்ளைகள் எல்லாம் கூடிவிட்டார்கள். "ஷூட்டிங்கா தாத்தா? யாரு உள்ள இருக்கா?" நம் ஊரில் கேரவன் என்றால் உள்ளே ஒரு நடிகர் இருந்தாக வேண்டும். மாமாவுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. வண்டியோடு வந்த பத்து மீட்டர் கேபிளை வீட்டுப் பவர் பாயிண்டில் செருகினார்கள். ஒரு பிரச்சினையும் இல்லை.

இரண்டாம் இரவு தேவிபட்டினம். கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்களை வழிபட்டுவிட்டு ஒரு தங்கும் விடுதியின் முற்றத்தில் வண்டியை நிறுத்தினார்கள். பிளக்கைச் செருகி ஏசியைப் போட்டதும் விடுதியின் போர்டில் கரண்டைத் துண்டிக்கும் டிரிப்பர் விழுந்தது. தூக்கிவிட்டால் மறுபடி விழுந்தது. நாலைந்து முறை இப்படியே. மாமா எனக்குப் போன் செய்தார்.

இங்கேதான் என் பங்கு வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில். வருஷத்து வேலை முழுவதையும் அந்த இரண்டு மாதத்தில்தான் எங்களிடம் கொண்டு வருவார்கள். நான் ஒரு படகின் இஞ்சின் அறைக்குள் குப்புறக் கிடந்தேன்.

"மாப்ளே, டிரிப்பர் விழுந்துக்கிட்டே இருக்குடா."

"லோடு தாங்கலை மாமா. ஏசியை நிப்பாட்டிட்டுப் பாருங்க."

நிறுத்தினார். விழாமல் நின்றது. "சரியாப்போச்சு மாப்ளே" என்று வைத்துவிட்டார். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பவும் விழுந்திருக்கிறது. அப்போது என்னைக் கூப்பிடவில்லை. விடுதியில் கரண்ட் வேலை பார்க்கும் பையன் வந்து, "உங்க வண்டியிலதான் ஏதோ கோளாறு, எங்க லைன்ல ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு, அந்த டிரிப்பர் வழியாக வராத வேறொரு லைனிலிருந்து இணைப்பு கொடுத்துவிட்டுப் போனான். அதற்கப்புறம் விடியும்வரை ஏசி ஓடியது. எல்லோருக்கும் சந்தோஷம்.

அவன் சொன்னதில் முதல் பாதி அட்சர சுத்தமான உண்மை. இரண்டாவதாகச் செய்ததுதான் தப்பு.

மூன்றாம் இரவு திருப்புல்லாணி தாண்டி சேதுக்கரை. அங்கே செருக இடமில்லை. பேட்டரியிலேயே ஓட்டினார்கள். ஒன்பதரைக்குப் போட்ட ஏசி ஒன்றரைக்கு நின்றது. கணக்கு பிசகவில்லை. கொசுவும் வேர்வையுமாக விடிந்த மாமா, இனிமேல் பிளக் இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்துவதில்லை என்று தீர்மானித்துவிட்டார். நான்காம் நாள் அதே தீர்மானத்தோடு தென்னந்தோப்புக்கு வந்து சேர்ந்தார்.

தோப்பில் கண்டது

வீட்டுக்குப் பக்கத்தில் வண்டி போக வழியில்லை. தென்னை மட்டைகள் தாழ்ந்து கிடந்தன, மணலும் பொதபொதவென்று இருந்தது. கூரையில் ஏசி வைத்த வண்டி மூன்று மீட்டர் உயரம் வரும். இருபத்தைந்து மீட்டர் தள்ளித்தான் நிறுத்த முடிந்தது. பத்து மீட்டர் கேபிள் எட்டவில்லை. தோப்புக்காரர் நல்ல மனுஷர். ஊர்த் திருவிழாவுக்குச் சீரியல் செட் போட வைத்திருந்த முறுக்கு ஒயர்ச் சுருளைக் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்த ஒயரை நான் வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்தேன். முப்பது மீட்டர். ஒன்றையொன்று பின்னிய இரண்டே இழை, இரண்டும் ஒரே மஞ்சள் நிறம். ஒரு முனையில் மூன்று பின் டாப். மறுமுனையில் மூன்று ஓட்டை ஜங்ஷன் பாக்ஸ். இழை இரண்டு, ஓட்டை மூன்று. மூன்றாவது, அதாவது கசியும் கரண்டைப் பூமிக்கு இறக்கும் எர்த் ஓட்டை, வெறும் பொம்மை. பின்பக்கம் திருகைக் கழற்றிப் பார்த்தபோது அதற்குள் ஒரு சிலந்தி கூடு கட்டியிருந்தது.

மின்சாரத்தைத் திரும்பப் போடச் சொன்னேன். நான் காய்ந்த பலகை மேல் ஏறி நின்றுகொண்டேன். வண்டியின் படியில் டெஸ்டரை வைத்ததும் எரிந்தது. டெஸ்டர் சும்மாவும் எரியும், அதை நம்பக் கூடாது. ஒரு கடப்பாரையை ஈர மணலில் ஓங்கிக் குத்தி இறக்கி, அறுபது வாட் குண்டு பல்பின் ஒரு ஒயரை அதில் சுற்றி, இன்னொரு ஒயரை வண்டியின் உடம்பில் தொட்டேன். பல்பு எரிந்தது. தோப்பு வெளிச்சமாகிற அளவுக்கு எரிந்தது. மாமா ஒன்றும் பேசவில்லை. மீட்டரில் 218 வோல்ட். கதவு, படி, ஜன்னல் சட்டம், சக்கரத்தின் ரிம் என்று வண்டியின் இரும்பு முழுவதும் நேரடி பேஸ். ரப்பர் டயர் மேல் நின்றதால் எங்கேயும் பியூஸ் போகவில்லை. பூமிக்கு இறங்க வழி தேடிக்கொண்டு காத்திருந்த கரண்டுக்கு அத்தை வழியானார்.

மாமா ஐந்தரை மணிக்கே பிளக்கைச் செருகிவிட்டு ஏழெட்டு முறை ஏறி இறங்கியிருக்கிறார். காலில் ரப்பர் செருப்பு. "ஒரு தடவை லேசா சுர்ருன்னுச்சு மாப்ளே. ஏசிக் காத்துக்கு அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்றார்.

உப்புத் தண்ணீரில் நனைந்த உடம்பின் தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். மணல் கொஞ்சம் தடுத்தாலும், முப்பது மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே உயிருக்கு உத்தரவாதம் கிடையாது. அத்தையைக் காப்பாற்றியது புறங்கை. கரண்ட் பட்டால் சதை சுருங்கும். உள்ளங்கையால் பிடித்திருந்தால் விரல்கள் மூடிக்கொண்டு கைப்பிடியை விடவே விட்டிருக்காது. புறங்கை என்பதால் சுருங்கிய சதையே அவரைப் பிய்த்து எறிந்தது. சிப்பி பொறுக்கியதால் தப்பித்தார் என்று நான் சொன்னால், ராமநாதசாமி புண்ணியம் என்கிறார் அத்தை. அதில் நான் வாதம் செய்வதில்லை.

பலகைக்குப் பின்னால்

இரண்டு இழை ஒயரால் எர்த் இல்லாமல் போனது சரி. ஆனால் எர்த் இல்லாத வண்டி சும்மா இருக்க வேண்டும். உடம்பில் பேஸ் எப்படி ஏறியது? மறுநாள் காலை, கட்டிலுக்கு அடியில் சாமான் வைக்கும் அறையின் பலகையைக் கழற்றினேன். தேக்கு விளிம்பு வைத்த அழகான பலகை. பின்னால் இன்வெர்ட்டர், பக்கத்தில் ஒரு சின்ன போர்டு. போர்டில், முப்பது மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரண்டைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்று இருந்தது. நல்ல கம்பெனிச் சரக்கு.

அதற்குக் கொஞ்சம் மேலே, இன்வெர்ட்டரிலிருந்து வெளியே வரும் நியூட்ரல் சேரும் பித்தளைக் கட்டையிலிருந்து, பச்சை-மஞ்சள் ஒயர் ஒன்று கிளம்பி வண்டியின் இரும்புச் சட்டத்தில் ஒரு போல்ட்டில் முடிந்தது. அந்த இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, பல்லுவைத்த வாஷர் போட்டு, லக் அடித்து இறுக்கியிருந்தார்கள். இவ்வளவு நேர்த்தியாகச் செய்த தப்பை நான் பார்த்ததில்லை.

இந்த ஒயரை ஏன் போட்டார்கள் என்று எனக்குப் புரிகிறது. வண்டி பேட்டரியில் ஓடும்போது இன்வெர்ட்டர்தான் மின்வாரியம். இன்வெர்ட்டரின் இரண்டு முனையும் பூமியோடோ வண்டியோடோ ஒட்டாமல் மிதந்தால், உள்ளே ஏதாவது ஒரு சாமானில் கசிவு வந்தாலும் அந்தக் கரண்ட் சுற்றி வர வழியிருக்காது, ஆர்.சி.சி.பி.க்கும் தெரியாது. ஆகவே பேட்டரியில் ஓடும்போது நியூட்ரலை வண்டி உடம்போடு கட்டத்தான் வேண்டும். வெளிக் கரண்ட் வந்ததும் அந்தக் கட்டை அவிழ்க்க வேண்டும், ஏனென்றால் அந்த வேலையை ஏற்கெனவே மின்வாரியம் வெளியே செய்துவிட்டது. நல்ல இன்வெர்ட்டர்களில் இதற்கென்றே உள்ளே ஒரு ரிலே, அதாவது தானாக மாறும் சுவிட்ச், இருக்கும். இந்த இன்வெர்ட்டரில் இல்லை. பட்டறைக்காரருக்குப் பாடத்தின் முதல் பாதி தெரிந்திருக்கிறது. கட்டத் தெரிந்தவருக்கு அவிழ்க்கத் தெரியவில்லை.

இப்போது நாலு இரவையும் இந்த ஒயரை வைத்துப் படித்துப் பாருங்கள். தொண்டியில் வண்டியின் சொந்தக் கேபிள், மூன்று இழை, வீட்டு எர்த்தும் ஒழுங்கு. நியூட்ரலும் எர்த்தும் வண்டியில் ஒட்டிக்கொண்டிருந்தாலும், பழைய வீட்டில் கசிவு பார்க்கும் டிரிப்பர் இல்லாததால் யாரும் கண்டுபிடிக்கவில்லை. தேவிபட்டினம் விடுதியில் அது இருந்தது. போகிற கரண்டும் வருகிற கரண்டும் சமமா என்று பார்ப்பதுதான் அதன் வேலை. நியூட்ரலில் திரும்ப வேண்டிய கரண்டில் ஒரு பங்கு, வண்டியில் போட்ட கட்டு வழியாக எர்த்தில் திரும்பியது. கணக்கு உதைத்தது, விழுந்தது. ஏசியை நிறுத்தியதும் மொத்தக் கரண்டே குறைந்து, எர்த்தில் போன பங்கும் முப்பது மில்லிக்குக் கீழே வந்திருக்கும். அதனால் கொஞ்ச நேரம் நின்றது. நானும் மாமாவும் அதைப் பார்த்து லோடு என்று முடிவு கட்டினோம். சேதுக்கரையில் வெளி இணைப்பே இல்லை, ஆபத்தும் இல்லை.

தோப்பில் ஒரே நிறத்து இரண்டு இழை. கட்டியவர் எதை எதில் போட்டோம் என்று பார்க்க வழியே இல்லை. பேஸும் நியூட்ரலும் இடம் மாறிவிட்டன. சீரியல் செட்டுக்கு எப்படி மாட்டினாலும் விளக்கு எரியும், ஆகவே அத்தனை திருவிழாவிலும் யாருக்கும் தெரியவில்லை. வண்டி நியூட்ரல் என்று நினைத்துக்கொண்டிருந்த முனையில் பேஸ் வந்தது. பச்சை-மஞ்சள் ஒயர் அதைப் பத்திரமாகக் கொண்டுபோய் வண்டி உடம்பில் சேர்த்தது. எர்த் இழை இருந்திருந்தால் அந்த நொடியே பெரிய கரண்ட் ஓடித் திண்ணையில் பியூஸ் போயிருக்கும். அவிழாத கட்டு, எர்த் இல்லாத ஒயர், இடம் மாறிய இழை, மூன்றும் ஒரே மாலையில் சேர்ந்தன.

வண்டியிலிருந்த ஆர்.சி.சி.பி. ஏன் விழவில்லை என்பது மாமா திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி. பட்டறைக்குப் போன் போட்டபோது அவர்களும் அதையேதான் சொன்னார்கள்: "ஆர்.சி.சி.பி. போட்டிருக்கோம் சார், பில்லுலயே இருக்கு." பில்லில் இருந்தது. கட்டு போட்ட இடத்துக்கு அப்பால், வண்டிக்குள் இருக்கும் பிளக்குகளைக் காக்கிற மாதிரி இருந்தது. கரண்ட் அதற்கு முன்னாலேயே பிரிந்து உடம்புக்குப் போய்விட்டதால் அதற்கு ஒன்றுமே தெரியாது. வாசலில் நிற்க வேண்டிய காவல்காரரைப் பின்கட்டில் நிறுத்திவிட்டு, காவல் இருக்கிறது என்று ரசீது காட்டினார்கள். கேரவன்களின் மின் இணைப்புக்கென்றே, ஐ.இ.சி. என்ற சர்வதேச மின் தர அமைப்பின் 60364 தொடரில் 721 என்று தனிப் பகுதி இருக்கிறது. சோபாவுக்குத் தோல் தேடிய நேரத்தில் அதைப் புரட்டியிருக்கலாம்.

சரிசெய்தது

செலவு பத்தாயிரத்துக்குள் முடிந்தது. வண்டியின் வெளிப் பிளக் நுழையும் இடத்திலேயே இரண்டு முனையையும் துண்டிக்கும் புது ஆர்.சி.சி.பி. ஒன்று. பழையதை அது இருந்த இடத்திலேயே விட்டேன், அதற்கும் வேலை உண்டு. பச்சை-மஞ்சள் ஒயரை நடுவில் வெட்டி ஒரு ரிலே வைத்தேன். வெளிக் கரண்ட் வந்தால் கட்டு அவிழும், போனால் சேரும். முப்பது மீட்டருக்கு மூன்று இழை, 2.5 சதுர மில்லிமீட்டர் கேபிள். ஊரில் கிடைக்கிற மூன்று விளக்கு சாக்கெட் டெஸ்டர் ஒன்று. எர்த் இல்லை, மாறியிருக்கிறது என்றால் அதன் விளக்குகளே காட்டிக் கொடுத்துவிடும். முதலில் அதைச் செருகிப் பார்த்துவிட்டுத்தான் கேபிளை எடுக்க வேண்டும் என்று அத்தையிடம் சொன்னேன். மாமாவிடம் சொல்லிப் பயனில்லை.

படகில் செய்வது போல, டெர்மினல்களை எல்லாம் வெள்ளீயம் பூசிய லக்குக்கு மாற்றி வாஸ்லின் தடவினேன். நாலே நாள் கடற்காற்றில் சாதா செம்பு லக்குகளில் பச்சைக் களிம்பு ஏறத் தொடங்கியிருந்தது. பாம்பன் உப்புக் காற்று இரும்பைத் தின்கிற வேகம் இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அலுமினியப் பலகையில் ஸ்டீல் ஸ்க்ரூ முடுக்கிய இடமெல்லாம் இன்னும் ஒரு வருஷத்தில் வெள்ளைப் பொடியாக உதிரும். அதை நான் மாற்றவில்லை. அது பட்டறையின் வேலை, கேட்டு எழுதியிருக்கிறோம்.

முறுக்கு ஒயரை என்ன செய்வது என்று தோப்புக்காரர் கேட்டார். புதிதாக மூன்று இழை ஒயர் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பழையதை நான் எடுத்துக்கொண்டேன். "திருவிழாவுக்கு நல்லாத்தானே எரிஞ்சுச்சு தம்பி" என்று மட்டும் சொன்னார்.

மிச்சப் பயணம்

அத்தை வீட்டுக்குப் போகலாம் என்பார் என்று எதிர்பார்த்தோம். அவர்தான் பிடிவாதமாகப் போகலாம் என்றார். இரண்டு நாள் கழித்துப் பாம்பன் சாலைப் பாலத்தில் ஏறினார்கள். 1988-ல் திறந்த பாலம், இரண்டு கிலோமீட்டருக்கு மேல். பக்கவாட்டுக் காற்றில் உயரமான அந்த வண்டி பாய் விரித்த வள்ளம் மாதிரி ஒதுங்கியது என்றார் மாமா. பக்கத்தில் 2025-ல் திறந்த புது ரயில் பாலத்தின் தூக்குப் பகுதியைப் பார்க்க எல்லா வண்டியும் வேகத்தைக் குறைக்கும், அது நல்லதாகப் போயிற்று. அரிச்சல்முனையில் இரவு தங்க வேண்டும் என்பது அவரது ஆசை. 2017-ல் முனை வரை தார்ச்சாலை வந்துவிட்டாலும் இருட்டியபின் அங்கே யாரையும் விட மாட்டார்கள். 1964 டிசம்பர்ப் புயலில் போன ஊர் அது, அந்த விதியில் எனக்கு வருத்தமில்லை.

பிறகு ஏர்வாடி, வாலிநோக்கம். தண்ணீர்தான் பெரும்பாடு என்றார்கள். 120 லிட்டர் டேங்கில் போர்த் தண்ணீரை ஊற்றி ஷவர் துளையெல்லாம் உப்புப் பூத்துவிட்டது. அதற்கப்புறம் எங்கள் ஊர்ப் பெண்களைப் போல அத்தையும் குடிதண்ணீர் வண்டிக்குக் காத்து நின்று குடக்கணக்கில் வாங்கியிருக்கிறார்.

மூக்கையூரிலிருந்து ஒரு ராத்திரி பத்து மணிக்கு மாமாவின் போன். ஜூன் முதல் வாரம், நான் அப்போதும் ஒரு படகுக்கு அடியில்தான் இருந்தேன்.

"மாப்ளே, டிரிப்பர் விழுந்துருச்சுடா."

கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன். எங்கள் ஊரில் எம்.சி.பி.யும் டிரிப்பர்தான், ஆர்.சி.சி.பி.யும் டிரிப்பர்தான். ஒன்று லோடு கூடினால் விழும். இன்னொன்று லோடைப் பார்க்கவே பார்க்காது, கசிவைத்தான் பார்க்கும்; 'டி' என்ற டெஸ்ட் பட்டன் அதில்தான் இருக்கும். தேவிபட்டினத்தில் நான் கேட்காமல் விட்டது அந்த ஒரு கேள்வியைத்தான்.

"எந்த டிரிப்பர் மாமா?"

"விழுகுறது எல்லாம் டிரிப்பர்தானடா."

"டார்ச் அடிச்சுப் பாருங்க. மேல சின்னதா 'டி'ன்னு ஒரு பட்டன் இருக்கா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்னால் அத்தையின் குரல் கேட்டது. "இருக்குங்கறாரு. நான் முன்னாடியே வெளிய போயி பிளக்கைப் புடுங்கிட்டேன்யா, செருப்புப் போட்டுக்கிட்டுத்தான்."

காலையில் போய்ப் பார்த்தேன். கேபிளின் பிளக்குக்குள் உப்பு ஈரம் கோத்திருந்தது, பின் மூன்றிலும் பச்சை. துடைத்து, காயவைத்து, வாஸ்லின் வைத்துக் கொடுத்தேன். மாமா சாயல்குடி வழியாக வேம்பாரை நோக்கி வண்டியைத் திருப்பினார். நான் மண்டபத்துக்குத் திரும்பினேன். தடைக்காலம் முடிய ஒன்பது நாள்தான் இருந்தது, பதினொரு படகு பாக்கி.